பாலூட்டலும் ஒரு கல்வியே

தாய்ப்பாலூட்டல் இயற்கையானது என்று சொல்லப்படும்போதெல்லாம், அதைக் கற்கவேண்டியதில்லை என்ற பொருளும் உடன் ஒட்டிக்கொள்கிறது. முதற்பிள்ளை பெற்றவளை அலைக்கழிப்பது அந்தப் பொருள்தான். நடப்பதும் இயற்கையே, ஆயினும் விழாமல் நடை பழகிய குழந்தை இல்லை.

புனேயில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த ஒருத்தி, எதையும் வாசித்தே தெரிந்துகொள்ளப் பழகியவள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தராசு எடைக்குறைவைக் காட்டியபோது, வாசித்தவை அனைத்தும் அவளைக் கைவிட்டன. குழந்தை ஓயாது அழுதது. காம்புகள் புண்ணாயின. “பால் போதவில்லை போலும்” என்றார் உறவினர் ஒருவர். மாலைக்குள் பால்மாவு டின் ஒன்று மேசைக்கு வந்துவிட்டது.

அந்த ஐயத்தின் இயக்கம் கவனிக்கத்தக்கது. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் சிறிது. பச்சிளங்குழந்தையின் இரைப்பையும் சிறிது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்களில்தான் பால் பெருகுகிறது. அதற்குள் எடை ஓரளவு குறைவது இயல்பே. குழந்தை சப்பும்போது சுரக்கும் புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதை வெளிக்கொணர்கிறது. டின் பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகச் சப்பும்; சுரப்பும் குறையும். போதவில்லை என்ற அச்சம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும்.

அவளைத் தேற்றியது மூத்த செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்திருந்த அரைமணி நேரம். குழந்தையின் உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வாய் அகலத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்ல வேண்டும். முகவாய் மார்பில் பதிய, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் தொடங்கலாம். நான்காம் முயற்சியில் விழுங்கும் ஒலி கேட்டது.

அளவிட இயலாத பாலுக்கு நனைந்த துணிகளே சான்று என்பதையும் அவரே சொன்னார். ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பொதுவாகக் கவலை வேண்டாம். இரண்டு வாரத்தில் குழந்தை பிறந்த எடையை மீட்டது. மருத்துவர் சொல்லி மாற்றுப்பால் தரநேரும் குழந்தைகளும் உண்டு. அது எந்தத் தாய்க்கும் தோல்வியன்று.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பிரசவங்களில் 88.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. தாய் மருத்துவமனையை அடைந்துவிடுகிறாள். கற்பிக்கும் கைதான் அவளை அடைவதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவு விளம்பரங்களைத் தடைசெய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 240 நாட்கள் வரை மகப்பேற்று விடுப்புக்கு இடமளிக்கின்றன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் மூன்றாம் நாள் இரவில், அழும் குழந்தையோடு விழித்திருப்பவளுக்கு அருகில் ஒருவர் அமர வேண்டும்.

பிள்ளை பார்க்கச் செல்வோர் “பால் இருக்கிறதா?” என்று கேட்பதை நிறுத்தலாம். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டு, குழந்தையின் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வரலாம்.