ஷிஃராவின் தோழன்

பிரகாசத்தைப் பருமன் என்று எண்ணுவது கண்ணின் பழைய பழக்கம். வானத்திலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பம்பலப்பிட்டியில் காலி வீதிக் கடைகளெல்லாம் இருண்டு கிடந்தன. புழுக்கம் தாளாமல் மெரைன் டிரைவ் பக்கம் நடந்தோம். ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், கடலுக்கு மேலே, கொழும்பின் வெளிச்சம் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த நட்சத்திரங்கள்.

"வாப்பா, இதுல எது பெரிசு?" என்று கேட்ட மகள், ஆகக் கூடுதலாக மினுங்கிய ஒன்றைத் தானே விரலால் காட்டினாள்.

"கண்ணுக்குத் தெரியிறத வச்சுச் சொல்லேலா மகள்" என்றேன்.

அவள் காட்டியது ஷிஃரா. நஜ்ம் அத்தியாயத்தில் அல்லாஹ் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நட்சத்திரம். ஜாஹிலிய்யாக் கால அறபிகளில் சிலர் அதை வணங்கினர் என்பர் தஃப்ஸீர் ஆசிரியர்கள். அதற்கும் ஓர் இரட்சகன் உண்டு என்பதே வசனத்தின் செய்தி. அதன் விட்டம் சூரியனைப் போல் இரண்டு மடங்குகூட இல்லை. நமக்கு அண்மையில், 8.6 ஒளியாண்டுத் தூரத்தில் இருப்பதும் அந்த மினுக்கத்துக்கு ஒரு காரணம்.

அதற்கு வலப்புறம் மங்கிச் சிவந்து நின்றது யதுல் ஜவ்ஸா. அறபுப் பிரதியில் 'யே'யின் இரு புள்ளிகளில் ஒன்று தவறி 'பே' ஆனதால் உலகம் அதைப் பெட்டல்ஜூஸ் என்கிறது. சூரியனுக்கு அடுத்து மனிதன் விட்டம் அளந்த முதல் நட்சத்திரம் அதுதான். 1920இல், அமெரிக்காவின் வில்சன் மலையில். சூரியனின் இடத்தில் அதை வைத்தால் பூமியின் பாதையையும் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

ஷிஃராவுக்கு ஒரு தோழன் உண்டு. 1862 வரை எவர் கண்ணிலும் படாதவன். பருமனில் பூமியளவு, எடையில் சூரியனளவு. இத்தகைய வெண்குள்ளன்கள் தாங்கும் எடைக்கும் ஓர் எல்லை உண்டென்று 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே கணக்கிட்டார் 19 வயதுத் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அன்றைய விஞ்ஞான உலகின் பிரகாசமான பெயரான எடிங்டன் 1935இல் சபையில் வைத்து அதை எள்ளினார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நியூத்திரன் நட்சத்திரம் இன்னும் சிறியது. குறுக்களவு 20 கிலோமீற்றர் அளவே. பம்பலப்பிட்டியில் ரயிலேறிப் பாணந்துறையில் இறங்கும் தூரம். அதற்குள் சூரியனை விஞ்சிய பாரம்.

அந்த இருண்ட வாரங்களில், கேஸ் வரிசையில் விடிய விடிய நின்று, எங்கள் ஒழுங்கையின் தனித்த கிழவிகளுக்கும் சிலிண்டர் சுமந்து வந்தவர் பள்ளிவாசல் மோதினார். நமது விழா மேடைகளில் பொன்னாடை போர்த்தப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நானும் அப்பட்டியல்களை எழுதுகிறவன்தான். அடுத்த விழாவுக்கு முதல் பெயராக அவரை எழுதி வைத்திருக்கிறேன்.