பார்க்காமல் வரைந்த கோட்டைகள்

ஜார்ஜ் லாம்பர்ட் என்று ஒரு ஓவியர். இங்கிலாந்துச் சீமான்களின் மாளிகை, தோட்டங்களை வரைந்தவர். நாடகக் கொட்டகைக்குப் படுதாவும் எழுதியவர். 1730களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் லண்டன் தலைமையகத்துக்கு ஆறு ஓவியங்கள் கேட்டது. கோட்டையும் கரையும் லாம்பர்ட். கப்பல்களுக்கு சாமுவேல் ஸ்காட். சென்னை, கல்கத்தா, பம்பாய், தலச்சேரி எல்லாம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பேருமே இந்தியப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை!

அந்த ஆறில் நம்ம கடலூர் இல்லை. இத்தனைக்கும் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை 1690-லேயே கம்பெனி வாங்கிவிட்டது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலத்தையும் சேர்த்து. (இப்படி ஒரு கிரயம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?) 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் சில வருஷம் தலைமையிடமே இதுதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து, இடித்துத் தள்ளினார். லாம்பர்ட் கற்பனையிலாவது ஒன்று வரைந்து வைத்திருக்கலாம். மிச்சம், கொஞ்சம் இடிபாடும், செம்மண்டலம் பக்கம் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களும்தான்.