கதவைச் சாத்துங்க சார்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பெயிண்டிங் பட்டறை. உள்ளே காலெடுத்து வைத்ததும் காதில் விழுந்தது, "கதவைச் சாத்துங்க சார், காத்து வருது."

வைகாசி வெயில். மின்விசிறி ஓடவில்லை. தூசி எழாமலிருக்கத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நடுவில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்க் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. பார்க்க அபிஷேகம் முடித்த லிங்கம் மாதிரி இருந்தது.

நான் போனது கோடு பார்க்க. புல்லட் டேங்கின் விளிம்பை ஒட்டி ஓடும் அந்தத் தங்க நிறக் கோட்டைக் கையாலேயே இழுக்கிறவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். இதே சாலையில் இருக்கிறது ராயல் என்ஃபீல்டின் பழைய தொழிற்சாலை. ராணுவத்துக்கும் போலீசுக்கும் 800 புல்லட் வேண்டுமென்று அரசாங்கம் கேட்க, 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்தது. என்ஃபீல்டு இந்தியா அப்படித்தான் பிறந்தது. தாய்க் கம்பெனி 1970இல் கடையைக் கட்டிவிட்டது. பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. ராயல் என்ஃபீல்டில் தூரிகையால் கோடு இழுக்கும் அண்ணன் தம்பியைப் பற்றி எத்தனையோ பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் தேடி வந்தவர் அவர்களில் ஒருவர் அல்ல. பழைய புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்கள் டேங்கைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்கும், போர்டு இல்லாத பட்டறையின் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டியவர். லாரிகளுக்கு எழுத்து எழுதித் தொழில் பழகியவர். உதவிக்கு இருந்த பையன் "அண்ணா" என்று கூப்பிட்டான், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

டேங்க் இந்தக் கறுப்புக்கு வருவதற்குள் பல நாள் ஓடியிருக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி, ஒடுக்கு எடுத்து, பட்டி போட்டு, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி தேய்த்து... அதையெல்லாம் பையன் செய்கிறான். அதில் சொல்ல ஒன்றுமில்லை, தோள் வலியைத் தவிர.

கோட்டை அவர் போட்டது நான் நினைத்ததைவிட வேகம். வாள் முனைபோலச் சரிந்த நீள முடித் தூரிகை. பெயிண்டில் தோய்த்து, பழைய காலண்டர் அட்டையில் இரண்டு முறை இழுத்து முடியைப் படிய வைத்தார். சுண்டு விரல் டேங்கின் ஓரத்தைத் தொட்டபடி வந்தது. விரல்கள் அசையவே இல்லை, இடுப்பிலிருந்து உடம்பே நகர்ந்தது. பார்வை தூரிகை முனையில் இல்லை, அது போகப்போகும் இடத்தில் இருந்தது. வலது பக்கம் முடிந்ததும் டேங்கைத் திருப்பினார். "இந்தப் பக்கந்தான் வில்லங்கம். அங்க இழுத்த மாதிரியே இங்க வரணும். கை என்னமோ ஒரே கைதான்."

அழகான கோடு. அரை மில்லிமீட்டர் அங்கங்கே தடித்தும் மெலிந்தும் இருந்தது. கைவேலை என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று விலையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். "கொஞ்சம் கோணினா கைவேலைன்னு மெச்சுவான். லேக்கர்ல ஒரு புள்ளி நின்னா டேங்கைத் தூக்கி என் மூஞ்சில வெச்சிட்டுப் போயிடுவான்" என்றார். அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்தப் பேச்சுதான்.

கோடு காய்ந்த மறுநாள் ஸ்டிக்கர் வேலை. இப்போதைய ஸ்டிக்கரைத் தோலுரித்து ஒட்டிவிடலாம். ஆனால் இந்த வண்டிக்காரருக்குப் பழைய முறைதான் வேண்டும், தண்ணீரில் ஊறப்போட்டு நகர்த்தும் படம். சின்ன வயதில் நோட்டு அட்டையில் ஒட்டிய அதே வகை; விமான மாடல் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இறக்கைமேல் எண்ணும் வட்டமும் ஒட்டுவது இப்படித்தான். தாளுக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும் பசை ஊறி இளகும். அரை நிமிடத்தில் படம் நழுவத் தயாராகிவிடும். டேங்கை ஈரமாக்கி, படத்தைத் தாளோடு வைத்து, தாளை மட்டும் உருவினார். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரத் துணியால் தண்ணீரைத் தள்ளினார். வளைவில் சுருக்கம் விழுந்த இடத்தில் சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒத்தியதும் படம் இளகிப் படிந்துகொண்டது.

அடியில் துளிக் காற்று மாட்டினாலும் காய்ந்தபின் அந்த இடம் வெள்ளியாகப் பூத்துவிடும். சொரசொரப்பான பரப்பில் பள்ளம் பள்ளமாகக் காற்று நிற்கும். அதனால்தான் ஒட்டுவதற்கு முன்னாலேயே டேங்க் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும்.

அப்புறம் லேக்கர். படத்தையும் கோட்டையும் பெட்ரோலிடமிருந்து காப்பது இதுதான். பங்க்கில் மூடி ஓரமாக ஒரு சொட்டு வழிந்தால் போதும், மேலே காப்பு இல்லாத தங்கக் கோடு கரைந்து ஓடும். லேக்கர் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. முதல் பூச்சை மூடுபனி போலத் தூவினார். எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் லேக்கரிலுள்ள கரைப்பான் படத்தைச் சுருட்டிவிடும். அது இறுகியபின் அடுத்தது, கொஞ்சம் கனமாக. படத்தின் விளிம்பை விரல் உணராத வரைக்கும் அடுக்க வேண்டும். நன்றாக வந்தால் அடித்ததே தெரியாது.

"இந்த ஊர்ல லேக்கர் அடிக்கிறது சாமர்த்தியம் சார்" என்றார் அண்ணா, பையன் கம்ப்ரஸரை நிறுத்தியபோது. கடல் ஈரம் ஒரு பக்கம். மலிவுத் தின்னர் சட்டென்று ஆவியாகி, பெயிண்டின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்பு டேங்க் சாம்பல் பூத்துப் போகும். மெதுவாக ஆவியாகும் தின்னரைத்தான் இவர் வாங்குகிறார். இன்னொரு பக்கம் தூசி. ராயபுரத்தில் கொடியில் காயும் வேட்டியில் கரி படிகிறதென்று சனங்கள் போராடி, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தும்படி 2011இல் உயர் நீதிமன்றம் சொன்னது. கரி இங்கிருந்து வடக்கே இருக்கும் எண்ணூருக்குப் போனது. அங்குள்ள துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டதே அனல் மின் நிலையங்களுக்குக் கரி இறக்கத்தான். ராயபுரத்து வேட்டி வெளுத்தது. வடக்கிலிருந்து காற்றடிக்கும் நாளில் இவர் லேக்கர் அடிப்பதில்லை.

முகத்தில் அவர் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984இல் கசிந்ததும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான், வேறு வகை. நுரையீரல் ஒருமுறை இதோடு பகைத்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் இளைக்கும். கைக்குட்டையெல்லாம் இதற்குக் காணாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவந்து மூச்சுக்குக் கொடுக்கும் முகமூடி வேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும் சார். வெளிக்காத்துன்னா எந்தக் காத்து?" என்று கேட்டார். 2023 டிசம்பரில், ஒரு நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடியது எனக்கு ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்தேன். ஆனாலும் அது முகமூடி வாங்காததற்குச் சமாதானம் ஆகாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது பூச்சு. முழங்கையும் மணிக்கட்டும் ஒரே மட்டத்தில், டேங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடியபடி போனது. கறுப்பு ஆழமாகிக்கொண்டே வந்தது. தங்கக் கோடு தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது, கண் எரிந்தது. பொறுக்க முடியாமல் எழுந்து கதவை ஒரு விரக்கடை திறந்து மூக்கை வெளியே நீட்டினேன். இரண்டு மூச்சுதான் இருக்கும்.

திரும்பியபோது அவர் குனிந்து டேங்கின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஓடிப்போய் ஊசி கொண்டுவந்தான். ஈர லேக்கரிலிருந்து எதையோ ஊசி முனையில் எடுத்து, நகத்தின் மேல் வைத்து டியூப் லைட் பக்கம் பிடித்தார்.

"கரி."

குழி தானாக மூடிக்கொள்ளுமா என்று மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முக்கால்வாசி மூடியது.

"நாளைக்கு ரெண்டாயிரம் நம்பர் பேப்பர் போட்டு காம்பவுண்டு தேச்சா போயிடும்" என்றார் பையனிடம், என்னைப் பார்க்காமல்.