ஒரு கிள்ளு புகையிலை

படிவத்தின் நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. புகைத்தல், மெல்லுதல் என எந்த வடிவிலேனும் புகையிலையைப் பயன்படுத்துகிறீர்களா? ஆம், இல்லை என இரு சிறு கட்டங்கள். வயது, உயரம், எடை, பெற்றோரின் நோய்கள் என யாவற்றையும் தயக்கமின்றி நிரப்பிவந்த நாங்கள் அவ்விடத்தில் பேனாவைக் கீழே வைத்தோம். எங்களில் ஒருவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு கிள்ளு புகையிலை வேண்டும். பாட்டன் காலத்துப் பழக்கம். அதைக் குறையென்று வீட்டில் எவரும் சொன்னதில்லை.

36 வயதில், ஒரு கோடி ரூபாய்க்கு, 60 வயது வரைக்கும் ஆயுள் காப்பீடு. 'இல்லை' எனில் ஆண்டுக்கு 14,200 ரூபாய். 'ஆம்' எனில் 21,600. கழித்துப் பெருக்கிப் பார்த்தால் 24 ஆண்டுகளில் 1,77,600 ரூபாய் வேறுபாடு. மகளின் கல்லூரிப் படிப்பில் ஓராண்டாவது அதில் கழிந்துவிடும்.

முகவர் எங்கள் தெருக்காரர், நல்ல மனிதர். "வெத்தல போடுறதெல்லாம் ஒரு பழக்கமா சார்? இல்லைன்னே டிக் பண்ணிடுங்க. மூணு வருஷம் ஓடிட்டா அப்புறம் யாரும் எதையும் கிளற முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் சட்டப் பிழை இல்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்ட பின், மூன்றாண்டு கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் கேள்விக்கு உள்ளாக்கலாகாது என்கிறது. அதற்குள் மரணம் நேர்ந்து, மறைத்தது வெளிப்பட்டால் நிறுவனம் தொகையை மறுக்கலாம். எப்போது சாவோம் என்று தெரியாததால் வாங்கும் ஒன்றை, மூன்றாண்டுக்குள் சாகமாட்டோம் என்ற துணிவின்மேல் வாங்கச் சொன்னார் அவர். அத்துணிவு பொய்த்தால், அலுவலகப் படிகளில் நின்று பதில் சொல்லவேண்டியவர் டிக் அடித்தவர் அல்லர், எங்களில் மற்றவர்.

அன்றிரவு கையெழுத்திடாமல் வரலாறு படித்தோம். (புத்தகப் பைத்தியங்களின் வழக்கமான தப்பித்தல்.) இங்கிலாந்தில் ராபர்ட் வார்னர் என்ற குவேக்கர் மதுவைத் தொடாதவர். ஆயுள் காப்பீடு கேட்டுப் போனபோது, குடிக்காத காரணத்தாலேயே அவரிடம் கூடுதல் கட்டணம் கேட்டார்களாம். குடிக்காதவன் உடல் வலுவற்றது என்பது அக்கால நம்பிக்கை. வெகுண்ட அவர் 1840இல் குடிக்காதவர்களுக்கென்றே ஒரு காப்பீட்டுச் சங்கம் தொடங்கினார். பிற்பாடு மற்றவர்களையும் தனிப் பிரிவாகச் சேர்த்துக்கொண்டு, இரு சாராரின் மரணங்களையும் பல பத்தாண்டுகள் எண்ணிவந்தபோது, குடிக்காதவர்களே நெடுநாள் வாழ்ந்தது தெரிந்தது. நம் நாட்டுக் கதை இதனினும் வேடிக்கை. ஆங்கிலேயக் கம்பெனிகள் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல்தான் வழக்கமான கட்டணத்தில் இந்திய உயிர்களை ஏற்றது. இந்தியராய்ப் பிறந்ததும் ஒரு கெட்ட பழக்கம் போலும்!

ஆகவே கம்பெனிக் கணக்கு வேதவாக்கன்று என்று எங்களை நாங்களே தேற்றிக்கொள்ளப் பார்த்தோம். புகையிலை விஷயத்தில் அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. புகையின் கேட்டை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையாக வெளியிட்ட 1964லேயே, மாசசூசெட்ஸில் ஸ்டேட் மியூச்சுவல் என்ற நிறுவனம் சிகரெட் பிடிக்காதவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. மெல்லும் புகையிலை வாய்ப் புற்றைத் தரும் என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமே இல்லை. வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. படிவம் பாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அதில் ஒரு அற்ப நிம்மதி.

மறைக்கவும் அதிகம் இடமில்லை. உடம்புக்குள் போன நிக்கோட்டின் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சில நாள்வரை சிறுநீரில் தங்கும். பீடியா, சிகரெட்டா, தாம்பூலமா என்று சோதனைக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தோம். அடுத்த வரி, நாளொன்றுக்கு எத்தனை முறை என்று கேட்டது. "மூணு, மிஞ்சினா நாலு" என்றார் எங்களில் ஒருவர். மற்றவருக்கு நம்பிக்கையில்லை. ஒரு வாரம் சமையலறை நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணினார். ஒன்பது வந்தது. ஒன்பது என்றே எழுதினோம்.