பாதை சொல்பவர்களின் இரைச்சல்

இணையம் நின்றுவிட்டது என்றால் கம்பி அறுந்ததையே நாம் நினைத்துக்கொள்கிறோம். முழுக்க அறுந்த கம்பியைவிட, அறுந்தும் ஒட்டியும் ஊசலாடும் கம்பி பெரிய தொல்லை. 2008 ஜனவரி 30 அன்று அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுபட்டு, இந்தியா முழுவதும் இணையம் தள்ளாடியது. அவற்றுள் ஒன்று சென்னையிலும் கரையேறுவது. அத்தகைய பேரிடர் எழுப்பும் அறிவிப்புப் புயல் விரைவில் ஓய்ந்துவிடும். அன்றாட இரைச்சல் ஓய்வதேயில்லை.

ஒவ்வொரு வலையமைப்பும் தன் அண்டை வலையமைப்புகளிடம், இன்ன முகவரிக்கு என் வழியாக, இன்னின்னாரைக் கடந்து போகலாம் என்று சொல்லிவைக்கிறது. மாறினால் மட்டும் மறுபடி சொல்ல வேண்டும். பி.ஜி.பி. எனப்படும் இந்த முறையின் முதல் வரைவு 1989இல் கைதுடைக்கும் தாள்களில் எழுதப்பட்டது. இன்று 70,000க்கு மேற்பட்ட வலையமைப்புகள், ஏறத்தாழ 10 லட்சம் வழித்தடங்களை இப்படித்தான் பரிமாறிக்கொள்கின்றன.

இரைச்சல் எப்படிப் பெருகுகிறது? எங்கள் இராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு காலி செய்து போய்விட்ட ஒருவரைத் தேடிப் பாருங்கள். தேநீர்க்கடைக்காரர் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்கச் சொல்வார். அவர் அடுக்ககக் காவலாளியைக் காட்டுவார். காவலாளி மீண்டும் தேநீர்க்கடைக்கே அனுப்புவார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் இருப்பது நேற்றைய செய்தி. ஒரு முகவரி மறைந்தால் ரௌட்டர்களும் இப்படியே, இல்லாத பாதைகளை நீளம் கூடக்கூட ஒவ்வொன்றாக முயன்று, ஒவ்வொரு முயற்சியையும் ஊருக்கு அறிவிக்கின்றன. ஒரு மறைவு பல அறிவிப்புகளாகிவிடுகிறது. தன் வழியாகவே திரும்பிவரும் பாதையை மட்டும் அவை ஏற்பதில்லை. அந்த அளவில் நம் தெருவாசிகளைவிட மேல்.

ஒன்றுமே மாறாமல் எழும் அறிவிப்புகளும் உண்டு. லபோவிட்ஸும் நண்பர்களும் அமெரிக்கப் பரிமாற்ற மையங்களில் அளந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பகுதி வெற்றுப் பேச்சாக இருந்தது. யாருக்கு எதைச் சொன்னோம் என்று நினைவில் கொள்ளாத மென்பொருள், சொல்லாத பாதையையும் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. ஏப்நிக்கின் ஜெஃப் ஹஸ்டன் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இன்னொன்று: இரைச்சலின் பெரும்பங்கு மிகச் சில முகவரித் தொகுதிகளுடையது. சுமையோ எல்லா ரௌட்டர்களுக்கும்.

இதற்கு மருந்தாக 1998இல் ஒரு தண்டனை முறை வந்தது. சறுக்கல் ஒவ்வொன்றுக்கும் 1000 புள்ளி. பரவலாக வழங்கிய அமைப்பில் 2000ஐத் தாண்டினால் அந்தப் பாதை ஒதுக்கப்படும். நியாயமாகத்தான் தோன்றியது. நான் இரவுப் பணி பார்த்த காலத்தில், ஒரு மழை இரவில் சிறிய மருத்துவமனையொன்றின் இணைப்பு சற்றே தடுமாறி நிலைபெற்றது. இங்கே எல்லா விளக்குகளும் பச்சை. ஆனால் ஸ்கேன் படத்துக்காக வெளிநாட்டில் காத்திருந்த மருத்துவரின் பக்கத்தில் எங்கள் முகவரி இன்னும் ஒதுக்கப்பட்டிருந்தது. தொலைபேசியில் கேட்டால், "நேரமானால் தானாக விடும்" என்றார்கள். நோயாளியின் மகன் என் எதிரில் நின்றிருந்தார். பச்சை விளக்கைக் காட்டி அவருக்கு என்ன சொல்வது?

காரணம் 2002இலேயே ஆய்வில் வெளிப்பட்டிருந்தது. ஒரே சறுக்கல், பாதை தேடும் குழப்பத்தால் தொலைவில் பல சறுக்கல்களாகத் தெரிகிறது. ஒரு முறை தடுமாறியவருக்கு ஒரு மணி நேரம் வரை தண்டனை. 2006இல் ஐரோப்பிய வலையமைப்பினரின் ரைப் குழு இம்முறையைக் கைவிடச் சொன்னது. 2013இல் மீண்டும் ஏற்றது, வரம்பைக் குறைந்தது 6000 ஆக உயர்த்தி. உண்மையில் ஓயாமல் ஊசலாடும் அந்தச் சிலர்மீது மட்டுமே இப்போது அது விழும். ஆனால் பழைய எண்களை மாற்றும்படி எவரையும் கட்டாயப்படுத்த இணையத்தில் ஓர் அதிகாரி இல்லை. அண்டை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.