பெதும்பையின் உடை

உலா இலக்கியம் நடத்துகையில் ஏழு பருவங்களையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கம். பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13 என்று வயதுக்கணக்கு போகும். கச்சு, வார், வம்பு என்று மார்க்கச்சைக்குச் சொற்களை அடுக்கிவைத்திருக்கும் நம் மொழியில், பெதும்பை அணியவேண்டிய முதல் உள்ளாடைக்கென்று தனியாக ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. வீட்டுப் பெண்கள் 'ஷிம்மீஸ்' என்பார்கள். சற்று வளர்ந்தால் 'பாடி', அதுவும் தணிந்த குரலில்.

நம் சமூகம் பூப்பையே எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போடுகிறோம். அதற்கு முன் வீட்டில் பேச்சில்லை. உடலோ ஏறத்தாழ ஈராண்டு முன்பே மாறத் தொடங்கிவிடுகிறது. 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். முதலில் ஒரு பக்கம் மட்டும் சிறு கட்டிபோலத் தென்பட்டு, தொட்டால் வலிப்பதும் இயல்பு. இதை அறியாத சிறுமி தனக்கு ஏதோ நோய் என்று அஞ்சுகிறாள். யாரிடம் கேட்பாள்?

கான்சாபுரத்தில் இருக்கும் என் அக்காள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாங்கவேண்டியதை என்னிடம் ஒப்படைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போனோம். கடையில் எடுத்துக்காட்டியவர் ஓர் இளைஞர். வயதைக் கேட்டு, அட்டைப்பெட்டியைப் பார்க்காமலே ஒன்றை நாளிதழில் சுற்ற ஆரம்பித்தார். வயதை வைத்து அளவைச் சொல்லமுடியாது. மார்புக்குக் கீழே நாடாவைச் சுற்றிப் பார்க்கவேண்டும். கம்பியும் பஞ்சுத் திணிப்பும் இந்த வயதுக்கு வேண்டியதில்லை. கொக்கியில்லாத, தலைவழியே போடும் மென்பருத்தி போதும். விரல் நுழையும் தளர்வு இருக்கவேண்டும். அவ்வளவையும் உரக்கவே கேட்டேன். இளைஞர் உள்ளே போய் ஓர் அம்மாளை அனுப்பினார். சிறுமி என் முந்தானையை விட்டுவிட்டு, "சித்தி, பூப்போட்டதும் ஒண்ணு எடுத்துக்கவா?" என்றாள்.

மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூரின் தென்பகுதியில், மார்பை மறைக்கும் உரிமைக்காகவே நாடார் குலப் பெண்கள் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பதிற்றாண்டுகள் நீடித்து, 1859 சூலை 26ஆம் நாள் அரசாணை வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது. எதை, எப்படி உடுத்துவது என்பதைப் பெண்ணல்லாத யாரோ முடிவுசெய்த கதை அது. இன்று தடுக்க ஆணையேதுமில்லை. நாணம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

துவைத்ததை உலர்த்துவதில் அது நன்றாகவே தெரியும். விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் இவை மட்டும் குளியலறை இருட்டில், ஒரு துண்டுக்கு அடியில் ஈரம் போகாமல் கிடந்து, அரிப்பையும் படையையும் கொண்டுவருகின்றன. அக்காளும் அப்படித்தான் துண்டைப் போட்டு மூடினாள்.

"அண்ணன் பனியன் வாசக்கொடியில காயுதே?" என்றாள் மகள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். பிறகு கொல்லைப்புறத்துக் கொடியைக் காட்டினாள். வாசல் கொடிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.