மலை நகரவில்லை

அவனியாபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு சத்தங்கள் பழக்கம். தைப் பொங்கலன்று வாடிவாசலிலிருந்து கிளம்பும் ஆரவாரம் ஒன்று. பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வரும் விமானத்தின் இரைச்சல் மற்றொன்று. முன்னது வருஷத்துக்கு ஒரு நாள், பின்னது தினந்தோறும். தினமும் கேட்கும் சத்தத்துக்கு யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? நான் பார்க்கிறவன். அதிலும் கார்த்திகை மாதத்தில் மேகம் தாழ்ந்து நாகமலையை மறைத்திருக்க, சத்தம் மட்டும் கேட்டு விமானம் கண்ணில் படாதிருந்தால், என் மனம் மேற்கே மலைப்பக்கம் ஓடிவிடும்.

1971 டிசம்பர் 9. பத்திரிகைகள் யுத்தச் செய்திகளால் நிரம்பியிருந்த வேளை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரந்தான், ஆனால் பார்வைக்குத் தெளிவில்லை. இருந்தவர்கள் 31 பேர். சிப்பந்திகள் நால்வர் உட்பட 21 பேர் மாண்டார்கள். சின்னமனூருக்கு மேலே நிற்கும் மலைக்கு மேகமலை என்று பெயர். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதைப் படத்தில் படிக்கலாமே தவிர, மேகத்துக்குள் இருந்துகொண்டு படிக்க முடியாது.

அதற்கு 21 வருஷம் முன்பு, 1950 டிசம்பர் 13-ல், ஏர் இந்தியா டகோட்டா ஒன்று கோத்தகிரிப் பக்கம் நீலகிரியில் மோதி, அதிலிருந்த அனைவரும் இறந்தனர். அவர்களில் ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியல் மேதையும் அவர் மனைவியும் உண்டு. யுத்த காலத்தில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை வைத்துக் கணக்குப் போட்டவர் அவர். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டை விழாத இடத்தில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை என்பது அந்தக் கணக்கின் சாரம்.

இத்தகைய விபத்துகளில் மனசை அறுப்பது ஒன்றுதான். பெரும்பாலும் யந்திரம் பழுதாவதில்லை, இறக்கை ஒடிவதில்லை, விமானம் கடைசி நொடிவரை விமானியின் சொல் கேட்கிறது. எங்கே இருக்கிறோம் என்ற எண்ணம் ஒன்றுதான் பிசகிப் போகிறது.

இந்தப் பிசகுக்கு மருந்து தேடியவர் டான் பேட்மன் என்ற கனடா நாட்டுப் பொறியாளர். விமானத்திலிருந்து கீழே ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தரை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணித்துக் கூவும் கருவி அவருடையது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு, அமெரிக்க அரசு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கீழே மட்டும் பார்க்கிற கருவிக்கு எதிரே நிற்கும் செங்குத்து மலை எப்படித் தெரியும்? ஆகவே 1990-களில், உலகத்து மேடு பள்ளங்களின் படத்தையே அதன் நினைவில் ஏற்றினார்கள். முன்பு சில நொடிகளே கிடைத்த அவகாசம், ஒரு நிமிஷம்வரை நீண்டது.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 1983 நவம்பரில் மாட்ரிட் நகரில் இறங்க வந்த கொலம்பியா நாட்டு ஜம்போ விமானத்தில் கருவி எச்சரித்தது. தக்கபடி யாரும் செயல்படவில்லை. 181 பேர் போனார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் மேகமும் இல்லை, எதிரே மலையும் இல்லை. அளவுக்கு மீறிய உயரத்தில், வேகத்தில் இறங்கி வந்த விமானத்தில் கருவி திரும்பத் திரும்பக் கத்தியது. துணை விமானியும் மேலேறிவிடும்படி சொன்னார். தலைமை விமானி இறங்கினார். 158 உயிர்கள்!

காது கேட்காமலா போயிற்று? ஓய்வு பெற்ற விமானி ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

"காது கேட்கும் சார், மனசுதான் கேட்காது. ஆரம்ப காலத்துக் கருவி பல தடவை வீணாகக் கத்தும். 'புலி வருது' கதைதான். அதோடு, ஓடுபாதை இதோ வந்துவிட்டது என்று மனசு தீர்மானித்துவிட்டால், மறுத்துப் பேசுகிற எதுவும் தொந்தரவாகவே தோன்றும்."

"அப்புறம் என்னதான் செய்வது?"

"மேகத்துக்குள் 'புல் அப்' என்று அது சொன்னால் யோசிக்கக் கூடாது. முழு சக்தியையும் கொடுத்து, மூக்கை உயர்த்தி ஏற வேண்டும். அது சரியா, தப்பா என்கிற வாதத்தை மேலே போய் வைத்துக்கொள்ளலாம்."

இருபது, முப்பது வருஷ அனுபவமுள்ளவர் ஒரு பெட்டியின் குரலுக்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவதென்றால் லேசா? நம் வீடுகளில் பல்லி சொன்னால் புறப்பட்ட காலைப் பின்வாங்குகிறோம். ஆனால் விஷயம் தெரிந்தவன் சொன்னால், "எனக்குத் தெரியாதா?" என்கிறோம். கருவி விமானியின் திறமையைச் சந்தேகிப்பதில்லை. மலை இருக்கிறது என்கிறது, அவ்வளவுதான்.

அந்த விமானி விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார். இறங்க வந்துவிட்டு மறுபடி மேலேறினால், பிரயாணிகள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்களாம். கீழே இறங்கிய பிறகு ஒருவராவது வந்து, "நல்ல காரியம் செய்தீர்கள்" என்று சொன்னதில்லையாம்.

உங்களுக்கு என்றைக்காவது அந்தச் சந்தர்ப்பம் வாய்த்தால், சொல்லிவிட்டுப் போங்கள்.